மூடியும் மிச்சமும்: சிறுதட்டு உணவகத்தை வாசித்தல்

சாப்பாட்டை ஒரு மொழியாக வாசிக்கிற வேலை நமக்குப் புதிதில்லை. லெவி-ஸ்ட்ராஸ் பச்சையானதையும் சமைத்ததையும் எதிரெதிராக நிறுத்தித் தொன்மங்களைப் பிரித்துக் காட்டியதைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் வேண்டிய மட்டும் பேசியாயிற்று. அவ்வளவாகப் பேசாமல் விட்டது தட்டை. உணவு என்ன சொல்கிறது என்று கேட்கிறோம். அது எதன்மேல் வைக்கப்படுகிறது, எத்தனை பேருக்கு நடுவே வைக்கப்படுகிறது, தின்றதை யார் எண்ணுகிறார்கள் என்றெல்லாம் கேட்பதில்லை. எண்ணுகிறவர் யார் என்பது சில்லறை விஷயமாகத் தோன்றலாம். என் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

எடுத்துக்கொண்ட பிரதி சிறுதட்டு உணவகம். சுமார் முப்பது வருஷமாக ஐரோப்பிய, அமெரிக்கப் பெருநகரங்களில் பெருகி, இன்று அங்கே நடுத்தரவர்க்கம் வெளியே சாப்பிடப் போகிற முக்கியமான வடிவங்களில் ஒன்றாகிவிட்ட ஏற்பாடு. ஆளுக்கொரு தட்டு கிடையாது. உள்ளங்கை அகலத் தட்டுகளில் பத்துப் பன்னிரண்டு பண்டங்களை வரவழைத்து, மேசையில் இருக்கிற எல்லோரும் எல்லாவற்றிலும் கை வைக்கலாம். உட்கார்ந்ததும் சர்வர் வந்து ஒரு குட்டிப் பிரசங்கம் செய்வார். எங்கள் தட்டுகள் பகிர்ந்துகொள்வதற்கானவை. ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று என்ற கணக்கில் சொல்லுங்கள். எது தயாராகிறதோ அது முதலில் வரும். இந்த மூன்று வாக்கியங்களும் லண்டனிலும் வாஷிங்டனிலும் பார்சிலோனாவிலும் ஏறக்குறைய ஒரே சொற்களில், கோயில் மந்திரம் மாதிரி ஒப்பிக்கப்படுகின்றன. மந்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் முதல் வாக்கியம் உறவைப் பற்றியது, இரண்டாவது கணக்கைப் பற்றியது, மூன்றாவது சமையலறை உழைப்பைப் பற்றியது என்பது தெரியும். ஆனால் காதில் விழும்போது மூன்றுமே உறவைப் பற்றித்தான் பேசுகிற மாதிரி இருக்கிறது. கணக்கும் உழைப்பும் 'பகிர்தல்' என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் எப்படிக் கரைந்துபோகின்றன?

கேயோர்க் சிம்மல் 1910இல் உணவுவேளையின் சமூகவியல் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார். அதில் தொடக்கத்திலேயே ஒரு முரண்பாட்டைப் பிடிக்கிறார். நான் நினைப்பதை இன்னொருவருக்குத் தெரிவிக்கலாம், பார்ப்பதை இன்னொருவரும் பார்க்கலாம். நான் தின்ற கவளத்தை மட்டும் வேறு எவரும் எந்தக் காலத்திலும் தின்ன முடியாது. மனித காரியங்களில் ஆகக் கூடுதலாகச் சுயநலமானது சாப்பிடுவது. ஆனாலும் அதைச் சுற்றித்தான் மனிதர்கள் ஒன்றுகூடுகிறார்கள். இந்த முரண்பாட்டை நாகரிகம் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகிறவர் தட்டுக்கு வந்து சேருகிறார். பழைய பொதுக் கிண்ணத்தில் எல்லோரும் கைவிட்டுத் தின்றார்கள். தனித்தட்டு வந்ததும் 'இது உன் பங்கு, இதற்குமேல் இல்லை' என்று கோடு விழுந்துவிட்டது. தட்டின் வட்டமே ஒரு வேலிதான். ஆனால் எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருப்பதால் அந்த வேலிக்குள்ளும் ஒரு சமத்துவம் வந்துவிடுகிறது. கறாராகச் சொன்னால் தட்டு என்பது தனியுடைமையும் ஜனநாயகமும் கைகுலுக்கிக்கொள்கிற இடம்.

அறுபது வருஷம் கழித்து, 1972இல், மேரி டக்ளஸ் தன் வீட்டுச் சாப்பாட்டையே எடுத்துக்கொண்டு அதன் இலக்கணத்தை எழுதிப் பார்த்தார். ஆங்கிலேயக் குடும்ப உணவுவேளை என்பது அழுத்தம் பெற்ற ஒரு பண்டம், அழுத்தம் பெறாத இரண்டு பண்டங்கள் என்கிற வாய்பாட்டில் இயங்குகிறது என்றார். வாய்பாட்டைவிட அவர் போகிறபோக்கில் சொல்கிற இன்னொன்றுதான் நமக்கு வேண்டியது. அந்த வீட்டில் பானம் யாருக்கும் உண்டு, தெரியாதவருக்கும் வேலைக்கு வந்தவருக்கும்கூட. உணவுவேளை நெருங்கியவர்களுக்கும் மதிப்புக்குரிய விருந்தாளிகளுக்கும் மட்டும். பானத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு நெருக்கத்தின் எல்லைக்கோடு ஓடுகிறது. சிறுதட்டு பிறந்தது சரியாக அந்தக் கோட்டின்மேல்.

ஸ்பானிய மொழியில் 'தபா' என்றால் மூடி. மூடுவது என்கிற வினையிலிருந்து வருகிற சாதாரணச் சொல். பாத்திர மூடியும் தபாதான். மதுக்கோப்பைமேல் ஒரு ரொட்டித்துண்டையோ பன்றித்தொடை இறைச்சிச் சீவலையோ வைத்து மூடிக் கொடுத்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள். ஈ விழாமலிருக்க என்று ஒரு கதை. காதிஸ் கடற்கரையில் மணல் விழாமலிருக்க அல்ஃபோன்ஸோ என்கிற அரசருக்கு ஒரு பணியாள் இப்படிச் செய்தான் என்று இன்னொரு கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டு அரசர் ஒருவர் வெறும் வயிற்றில் குடிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார் என்று மூன்றாவது. எல்லாக் கதையிலும் ஒரு ராஜாவோ ஒரு ஈயோ இருக்கிறது. இவற்றை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடித்தட்டு மதுக்கடைப் பழக்கம் ஒன்று மரியாதை தேடும்போது தனக்குத்தானே செய்துகொள்கிற வம்சாவளி என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல் மட்டும் ரொம்பத் துல்லியமாக இருக்கிறது. மூடி என்பது பாத்திரத்தைச் சேர்ந்தது, ஆனால் பாத்திரம் இல்லை. பாத்திரம் முழுமையாக இருந்தால் மூடி எதற்கு? தெரிதா 'துணைநிரப்பி' பற்றிச் சொல்வது இந்த விஷயத்தைத்தான்: கூடுதலாக வந்து ஒட்டிக்கொள்கிறது, பிறகு எதோடு ஒட்டியதோ அதன் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. கோப்பைக்குத் துணையாக வந்த தபா ஒரு நூற்றாண்டுக்குள் கோப்பையைத் தள்ளிவிட்டு மேசையை நிறைத்துவிட்டது. இன்றைய உணவகத்தில் மது விருப்பப்பட்டால்தான், மூடிதான் சாப்பாடு.

இடையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரை பத்துக்கு. (1940இல் பிராங்கோ அரசு நாட்டின் கடிகாரத்தை ஜெர்மனியின் நேரத்துக்குத் தள்ளி வைத்தது. சர்வாதிகாரி போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் கடிகாரத்தைத் திருப்பி வைக்கவில்லை. சூரியனைப் பார்த்துப் பசிக்கிறவர்களுக்கு நேரம் பிந்திப்போனதில் அதற்கும் ஒரு பங்குண்டு.) இந்த நீண்ட இடைவெளிகளில், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே நின்றுகொண்டு குடிக்கிற இடம்தான் பார். அங்கே சிறுதட்டுக்கு நாற்காலி இல்லை, முட்கரண்டி வரிசை இல்லை, முன் பின் இல்லை. டக்ளஸின் வாய்பாட்டுக்குள் அது அடங்காது. ஏனென்றால் அழுத்தம் பெற்ற பண்டம் என்று எதுவுமே கிடையாது. ஜப்பானியச் சாப்பாட்டுக்கு மையம் இல்லை என்று ரோலன் பார்த் 1970இல் சொல்லிப் பரவசப்பட்டார். அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை, பாரிஸிலிருந்து ரயிலேறித் தெற்கே இறங்கியிருந்தாலே போதும்.

கிரனாதா நகரத்தில் ஒரு கோப்பை பியர் வாங்கினால் தபா சும்மா வரும். எந்தத் தபா என்று நீங்கள் கேட்க முடியாது, கடைக்காரர் கொடுப்பதுதான். இரண்டாவது கோப்பைக்கு வேறொன்று, மூன்றாவதுக்கு இன்னொன்று. லெயோனிலும் இந்த வழக்கம் உண்டு. அல்மெரியாவிலும் தபா கோப்பையோடுதான் வரும், ஆனால் எது வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். இது கொடைதான், ஆனால் அப்பாவிக் கொடை இல்லை. மார்சல் மோஸ் 1925இல் எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும், திருப்பிச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாத கொடை என்று ஒன்று கிடையாது. இரண்டாவது தபா முதலாவதைவிட நன்றாக இருக்கும் என்கிற எதிர்பார்ப்பே இரண்டாவது கோப்பையை வாங்க வைக்கிறது. வியாபாரம்தான். ஆனால் விலை கோப்பைமேல் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது, தட்டுமேல் எழுதப்படவில்லை. எழுதப்படாத அந்த இடத்தில்தான் பேச்சு, பரிச்சயம், 'இன்னைக்கு என்ன வச்சிருக்கே' என்கிற கேள்வி எல்லாம் நுழைகின்றன.

செவியாவில் எல் ரின்கொன்சியோ என்றொரு கடை. 1670இலிருந்து இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிற கடை. அங்கே பரிமாறுகிறவர் நீங்கள் தின்னத் தின்ன, உங்களுக்கு முன்னால் இருக்கிற மரமேடையிலேயே சாக்பீஸால் எழுதிக்கொண்டு போவார். கிளம்பும்போது கூட்டிச் சொல்லி, காசை வாங்கிக்கொண்டு, ஈரத்துணியால் ஒரு துடைப்பு. அழித்தலின்கீழ் எழுத்து என்று இதற்கும் தெரிதாவை இழுக்கலாம், ஆனால் அது கொஞ்சம் அதிகப்படி. வேறொன்றுதான் முக்கியம். கணக்கு இரண்டு பேர் கண்ணுக்கும் நடுவே, திறந்த வெளியில் கிடக்கிறது.

வடக்கே பாஸ்க் நாட்டில் கணக்கு இன்னும் விசித்திரமானது. சான் செபாஸ்தியான் (அவர்கள் மொழியில் தொனோஸ்தியா) பழைய நகரத்தில் மேடைமுழுக்க ரொட்டித்துண்டுகளின்மேல் நண்டும் மீனும் முட்டையும் அடுக்கி, சரியாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு பல்குச்சி குத்தி வைத்திருப்பார்கள். குத்துவது என்கிற வினையிலிருந்து 'பின்ச்சோ'. நீங்களே எடுத்துத் தின்கிறீர்கள். ஒருவரும் எழுதிக்கொள்வதில்லை. கடைசியில் எத்தனை என்று கேட்பார்கள், அல்லது உங்கள் முன்னால் கிடக்கிற குச்சிகளை எண்ணுவார்கள். பண்டம் வயிற்றுக்குள் போய்விட்டது, மிஞ்சியது அதன் சுவடு, அந்தச் சுவடுதான் விலை. தின்ற குச்சிகளில் இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது ரொம்பச் சுலபம். அது சுலபம் என்பது கடைக்காரருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். முழு ஏற்பாடும் இந்த இரட்டைத் தெரிதலின்மேல் நிற்கிறது. நான் அங்கே கழித்த மூன்று மாலைகளில், கூட்டம் நெரிகிற மேடையில் யாரும் யாரையும் கண்காணிக்காமல் இருந்ததுதான் தின்ற எதையும்விட நினைவில் நிற்கிறது.

இதைவிடச் சுவாரசியமானது 'போதே'. பாஸ்க் நண்பர் குழு, குவாத்ரியா என்று பெயர், மாலையில் கடை கடையாகச் சின்னக் கோப்பைகளில் மதுவருந்திக்கொண்டு போகும். கிளம்பும்போதே எல்லோரும் ஒரு தொகையைப் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள், அதுதான் போதே. போகிற கடையிலெல்லாம் அவர் அதிலிருந்து கொடுப்பார். யார் இரண்டு தின்றார், யார் ஐந்து தின்றார் என்கிற பேச்சே எழாது. நன்றாகக் கவனியுங்கள், இங்கே பகிரப்படுவது தட்டு இல்லை. பின்ச்சோ என்பது ஒரு வாய்க்கு ஒன்று, அதைப் பகிரவே முடியாது. பகிரப்படுவது காசு, அதுவும் தின்பதற்கு முன்னாலேயே. சிம்மலின் முரண்பாட்டை இவர்கள் தட்டில் வைத்துத் தீர்க்கவில்லை, மடியில் வைத்துத் தீர்த்துவிட்டார்கள்.

(இந்த இடத்தில் நம்ம ஊர்ப் பந்தியை இழுத்து ஒப்பிடுகிற ஆசை வாசகருக்கு வரும். எச்சில் என்கிற கருத்தாக்கமும், யாரோடு யார் உட்காரலாம் என்கிற சாதிக் கணக்கும் சேர்ந்த இலக்கணம் அது. அதற்குத் தனிக் கட்டுரைதான் வேண்டும்.)

இனி உணவகத்துக்கு வருவோம். 1993இல் வாஷிங்டனில் ஹலேயோ என்கிற தபாஸ் உணவகம் திறந்தது, சமையலறைப் பொறுப்பில் ஹோஸே அந்த்ரேஸ். 2009இல் லண்டன் சோஹோவில், வெனிஸ் மதுக்கடைகளின் சிறுபண்டங்களை மாதிரியாக வைத்துப் போல்ப்போ. இவை வெற்றி பெற்றதும் 'தபாஸ்' என்கிற இடப்பெயர் உதிர்ந்து 'சிறுதட்டு' என்கிற ஊர்பேர் இல்லாத பெயர் நிலைத்தது. கொரிய, லெபனான், பஞ்சாபிப் பண்டம் எதுவானாலும் சிறுதட்டில் வரலாம் என்றாகிவிட்டது. அதாவது ஒரு வழக்கம், வடிவமாகக் கழன்றுவிட்டது. வடிவம் கழன்று வரும்போது எது கூட வந்தது, எது பின்தங்கியது?

தட்டின் அளவு வந்தது. வரிசையின்மை வந்தது. நிற்பது வரவில்லை, நாற்காலியும் முன்பதிவும் வந்துவிட்டன. கடை கடையாக நகர்வது வரவில்லை. இலவசம் வரவில்லை, ஒவ்வொரு மூடிக்கும் விலை எழுதப்பட்டது. குச்சியும் சாக்பீஸும் போதேயும் வரவில்லை. பகிர்தலை நடத்திக்கொண்டிருந்தவை எவையோ அவையெல்லாம் பின்தங்கிவிட்டன, தட்டு மட்டும் விமானமேறியது. இல்லாமற்போன அந்த ஏற்பாடுகளின் இடத்தை நிரப்புவதற்காகத்தான் சர்வர் வாய்திறந்து 'பகிர்ந்துகொள்ளுங்கள்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. குச்சி குத்திய மேடையில் அப்படி யாரும் சொல்வதில்லை.

இப்போது மந்திரத்தின் மூன்றாவது வாக்கியம். 'எது தயாராகிறதோ அது முதலில் வரும்.' ஐரோப்பிய உணவகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்ற ஏற்பாட்டுக்கு ருஷ்யமுறை என்று பெயர்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்புகிற பழைய பிரெஞ்சுமுறையைத் தள்ளிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, ஆளுக்குத் தனித்தனியே, சூடாக. இதில் சமையலறைக்கு இருக்கிற கஷ்டத்தை வெளியே இருக்கிற நாம் யோசிப்பதில்லை. நாலு பேர் நாலு பண்டம் சொன்னால் நாலும் ஒரே நிமிஷத்தில் வந்தாக வேண்டும். மீன் ஆறு நிமிஷம், இறைச்சி பதினெட்டு நிமிஷம் என்றால், மீனை எப்போது அடுப்பில் போடுவது என்று ஒருவர் நின்று கூவிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஒத்திசைவுதான் உணவக உழைப்பிலேயே கடினமானது. சிறுதட்டு ஒரே அடியில் அதை ரத்து செய்துவிடுகிறது. ஆனதும் அனுப்பு. யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை, நடுவில் வை. சமையலறை இறக்கிவைத்த சுமை எங்கே போனது? மேசைக்கு வந்தது. மூன்று தட்டு ஒன்றாக வந்து ஆறுகிறது, பிறகு இருபது நிமிஷம் ஒன்றும் வருவதில்லை, பொரித்தது முடிந்தபின் ரொட்டி வருகிறது. எதை எப்போது தின்பது, எதோடு எதைச் சேர்ப்பது, யாருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்கிற நிர்வாகம் முழுவதையும் சாப்பிட வந்தவர் செய்கிறார். அதற்கு அனுபவம் என்று பெயர்.

இரண்டாவது வாக்கியத்தின் தந்திரம் இதைவிட எளிமையானது. ஒவ்வொரு விலையும் சின்னது. சின்ன எண்ணைப் பார்த்து யாரும் தயங்குவதில்லை. கூட்டல் மட்டும் கடைசிவரை மறைந்திருக்கும். ஆளுக்கு எத்தனை தட்டு போதும் என்பது தின்கிறவருக்குத் தெரியாது, தட்டின் அளவை அவர் பார்த்ததில்லை. தெரிந்தவர் விற்கிறவர் ஒருவர்தான். பார்சிலோனாவில் ஒரு கடையில் நாங்கள் மூன்று பேர் ஒன்பது தட்டு சொன்னோம், சர்வரின் கணக்குப்படிதான். ஆறாவதிலேயே வயிறு நிறைந்துவிட்டது. அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. கேட்டதற்கு அவர் பதில் சொன்னார். ஆனால் பாஸ்க் மேடையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அங்கே கடைக்காரர் வாடிக்கையாளரின் எண்ணிக்கையை நம்பினார். இங்கே வாடிக்கையாளர் கடைக்காரரின் எண்ணிக்கையை நம்ப வேண்டியிருக்கிறது. நம்பிக்கை திசைமாறிவிட்டது. குச்சியின் இடத்தில் கணிப்பொறிச் சீட்டு வந்திருப்பதால் அந்தச் சீட்டில் ஒருநாளும் தப்பு வராது, அது வேறு விஷயம்.

இந்த வடிவம் தன் உச்சத்தைத் தொட்ட இடம் அதே பார்சிலோனாவில்தான். 2011இல் அல்பெர்ட் அத்ரியா, அண்ணன் ஃபெர்ரான் அத்ரியாவோடு சேர்ந்து, பழைய நாடகக்கொட்டகைகளுக்குப் பேர்போன பரலெல் அவென்யூவில் 'டிக்கெட்ஸ்' என்ற உணவகத்தைத் திறந்தார். அதே வருஷம் ஜூலையில்தான் ஃபெர்ரானின் எல் புல்லி மூடப்பட்டது. திருவிழாக் கொட்டகை மாதிரி அலங்காரம், டிக்கெட் கவுண்டர், வண்ண விளக்கு. பார் என்கிற பெயர், ஆனால் இடம் பிடிக்க இரண்டு மாதம் முன்னால் இணையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். போகிறபோக்கில் நுழைகிற இடம்தான் பார் என்பது மறந்தேபோய், நுழைய முடியாமையே அதன் பெருமையாகிவிட்டது. பூர்தியூ இருந்திருந்தால் ரசித்திருப்பார். எளிமையை மேட்டிமையின் அடையாளமாக மாற்றுகிற கலையை 1979லேயே அவர் விளக்கி வைத்துவிட்டார்.

டிக்கெட்ஸில் எல்லோரும் முதலில் சொன்ன பண்டம் ஆலிவ். எல் புல்லியில் 2005இல் கண்டுபிடித்தது. ஆலிவ் காயைப் பிழிந்து சாறெடுத்து, அதில் கால்சியம் உப்பைக் கலந்து, கரண்டியால் எடுத்து ஆல்ஜினேட் கரைசலில் விடுவார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கிற பொருள் ஆல்ஜினேட். கால்சியத்தைத் தொட்டதும் மேலே மெல்லிய சவ்வு பிடித்து, உள்ளே சாறு சாறாகவே நிற்கும். ஆலிவ் வடிவத்தில், ஆலிவ் நிறத்தில் ஒரு துளி. வாயில் வைத்தால் சவ்வு உடைந்து ஆலிவ் சாறு பொங்கும். ஆலிவை அழித்து அதிலிருந்து ஆலிவ் செய்வது! போத்ரியாவின் 'போலி' பற்றி எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் அதை வெறும் போலி என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. ஸ்பானியப் பாரில் ஆகக் கேவலமான தபா ஆலிவ்தான், கேட்காமலே ஒரு கிண்ணத்தில் தள்ளிவிடுவது. அந்தக் கேவலமான பண்டத்தை எடுத்து, இது என்ன என்று முதல்முறையாகக் கேட்க வைத்தார்கள். கவிதையில் இதைச் செய்தால் பாராட்டுகிறோமே. ஒரே வித்தியாசம், கிண்ணத்து ஆலிவுக்குக் காசில்லை, இது எண்ணிக்கைக்கு இத்தனை என்று விலை போட்டது. 2020இல் பெருந்தொற்றில் மூடிய டிக்கெட்ஸ் மறுபடி திறக்கவேயில்லை. திறக்காது என்று 2021இல் அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் ஸ்பெயின் முழுக்க மேடையில் நின்று தின்பதற்கும் அவ்வப்போது தடை இருந்தது. அடுக்கி வைத்த பின்ச்சோக்கள்மேல் பல கடைகளில் கண்ணாடி மூடி வந்தது. மூடிக்கு மூடி. சொல் தன் அர்த்தத்துக்குத் திரும்பிவிட்டது என்று சிரிக்கலாம்.

ஆக உணவகம் மோசம், பழைய பார் மேல், அங்கே உண்மையான சமூகம் இருந்தது என்று முடித்துவிடலாமா? விமர்சகர்களுக்கு ரொம்பப் பிடித்தமான முடிவு அது. ஆனால் அந்தக் குவாத்ரியாவில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மரபாக ஆண்கள். மாலையில் கோப்பையும் கையுமாகக் கடை கடையாக அலைவது ஆண்களின் உரிமை, வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் கிடைத்த உரிமை. சான் செபாஸ்தியானின் புகழ்பெற்ற சமையற் சங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியவை. ஆண்கள் கூடிச் சமைத்துத் தின்கிற இடங்கள். எடுத்த மதுவையும் எண்ணெயையும் அவரவரே தாளில் எழுதிக் காசை வைத்துவிட்டுப் போவார்கள், ஒருவரும் சரிபார்ப்பதில்லை. நம்பிக்கைக் கணக்கின் சொர்க்கம். ஆனால் பெண்களுக்கு உறுப்பினர் உரிமை மரபாகக் கிடையாது, விருந்தாளியாக வந்தாலும் சமையலறைக்குள் நுழையக் கூடாது. சமீப காலத்தில்தான் பல சங்கங்கள் இதைத் தளர்த்தியிருக்கின்றன. ஆக எண்ணாமல் இருப்பது சாத்தியமானது, எண்ண வேண்டிய அவசியமில்லாதவர்களை மட்டும் உள்ளே விட்டதால். நம்பிக்கையின் உள்வட்டம் எவ்வளவு கதகதப்பானதோ அவ்வளவு இறுக்கமாக அதன் வெளிவிளிம்பு இருந்திருக்கிறது.

அந்த மேடையில் பெண் நுழைந்தது எப்படி? குச்சியில். சான் செபாஸ்தியானின் ஆகப் பழைய, ஆகப் புகழ்பெற்ற பின்ச்சோ ஆலிவ், ஊறவைத்த பச்சைமிளகாய், உப்பில் பதப்படுத்திய நெத்திலி ஆகிய மூன்றையும் ஒரே குச்சியில் கோர்த்தது. காஸா வய்யேஸ் என்கிற கடையில் 1940களில் தோன்றியதாகச் சொல்கிறார்கள். பெயர் 'கில்டா'. ரீட்டா ஹேவொர்த் நடித்து 1946இல் வந்த படத்தின் நாயகி பெயர். பச்சை, உப்பு, கொஞ்சம் காரம், அந்தப் பெண்ணைப் போலவே என்று விளக்கமும் உண்டு. ஸ்பானிய மொழியில் 'பச்சை' என்றால் ஆபாசம் என்றும் அர்த்தம். தேவாலயமும் பிராங்கோவின் அதிகாரமும் சேர்ந்து கண்டித்த ஒரு படத்தை, கண்டனத்துக்கு வெளியே, ஒரு வாய்த்துண்டில் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள் என்று இதை எதிர்ப்பாக வாசிக்கலாம். ஆண்கள் நின்ற மேடைக்குப் பெண் தின்பண்டமாக வந்து சேர்ந்தாள் என்றும் வாசிக்கலாம். இரண்டு வாசிப்பும் ஒரே குச்சியில்தான் குத்தியிருக்கிறது, ஒன்றை உருவினால் மற்றதும் கீழே விழும்.

முன்பதிவு உள்ள, விலை எழுதிய, கணிப்பொறிச் சீட்டு தருகிற உணவகத்தில் ஒரு பெண் தோழிகளோடு வந்து உட்கார யாருடைய குவாத்ரியாவிலும் இடம் கேட்க வேண்டியதில்லை. காசு கொடுத்தால் போதும். பணத்தின் இந்த முகமற்ற தன்மை, சிம்மல் தன் வாழ்நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருந்த விஷயம், உறவைக் கொல்கிறது. உறவு என்கிற பெயரில் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குக் கதவையும் திறக்கிறது. சிறுதட்டு உணவகத்தை விமர்சிக்கிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது. என் புகார் அது காசு வாங்குகிறது என்பதில் இல்லை. காசு வாங்குவதைப் பகிர்தல் என்று சொல்லிக்கொள்வதில்தான்.

கடைசியாக மிச்சம் பற்றி. நாலு பேர் நடுவே ஐந்து துண்டு வரும். ஆளுக்கொன்று போக ஐந்தாவது தட்டில் கிடக்கும். எல்லோர் கண்ணும் அதன்மேல், எந்தக் கையும் நீளாது. பேச்சு வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும். ஸ்பெயினில் இதற்குப் பெயரே உண்டு: 'வெட்கத்தின் துண்டு'. அதைத் தின்பவர் வெட்கம் கெட்டவர், அல்லது மற்றவர்கள் வற்புறுத்தித் தின்ன வைக்கப்பட்டவர். பல சமயம் சர்வர் வந்து தட்டோடு எடுத்துப் போகும்வரை அது அப்படியே கிடக்கும். ஒரு மேசைக்காரர்கள் ஒருவருக்கொருவர் யார் என்பது அந்தத் துண்டைச் சுற்றித்தான் தெரியவரும். குடும்பமென்றால் பேசாமல் சின்னவன் தட்டுக்குப் போகும். நெருங்கிய நண்பர்கள் என்றால் ஒருவன் கூச்சமில்லாமல் வாயில் போட்டுக்கொள்வான், மற்றவர்கள் திட்டுவார்கள். புதிதாக அறிமுகமானவர்கள் கத்தியால் நாலாக வெட்டுவார்கள். பாக்குத்தூள் அளவுக்கு வந்தாலும் வெட்டுவார்கள். சிம்மல் சொன்ன சுயநலத்துக்கும் கூட்டத்துக்குமான இழுபறி முழுக்க அந்த ஒரு துண்டில் நடந்துவிடுகிறது. வகுபடாத எண் என்பதால்தான் நடக்கிறது.

இப்போது ஸ்பானிய உணவகங்களின் விலைப்பட்டியலைப் பார்த்தால், வெண்சாந்தில் இறைச்சியோ மீனோ கலந்து பொரிக்கிற க்ரொக்கெத்தா உருண்டைக்குப் பக்கத்தில், தட்டு விலைக்குப் பதிலாக ஓர் உருண்டையின் விலையைப் பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் என்று சர்வர் கேட்பார். நாலு என்றால் நாலு வரும். ஐந்தாவது வராது.